நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ் படிக்கிறாங்களா, பார்த்து எழுதுறாங்களா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று நோட்டைப் பார்த்து வாசிப்பேன். அவ்வளவுதான் என் பேச்சு. தலைவி அக்கா, "பிள்ளைங்க படிப்பைப் பத்தி நீ ஏதாவது பேசு, உன் வீட்டுல நடந்ததையே சொல்லு" என்றார்கள். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். பத்தாவது படிச்சவ இங்கிலீஷைப் பத்திப் பேச வந்துட்டாளே என்று நினைக்காதீங்க. இங்கிலீஷ் தெரியாத ஒரு அம்மா, தன் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருதா வரலையா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன். அதுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

முதலில் நம்ம குழுவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முன்னெல்லாம் உள்கடன் எதுக்குக் கேட்போம்? ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, கூரை மாத்த, காதுகுத்து செலவுக்கு. இப்போ எங்க குழுவில் பள்ளிக்கூட ஃபீஸ், டியூஷன் ஃபீஸ் என்றுதான் நிறைய பேர் கேட்கிறோம். கேட்டால் இங்கிலீஷுக்காகத்தான் என்கிறோம். தப்பில்லை. ஆனா ஒன்று யோசிச்சுப் பாருங்க. ஒரு அக்கா மாட்டுக் கடன் வாங்கினால், மாடு வாங்கினாங்களா, மாடு எப்படி இருக்கு, பால் கறக்குதா என்று குழுவிலிருந்து ரெண்டு பேர் போய்ப் பார்த்துட்டு வருகிறோம். டியூஷனுக்குக் கடன் வாங்கினால் மட்டும், தவணை வந்துச்சா என்று கேட்கிறோமே தவிர, பிள்ளைக்குப் படிக்க வந்துச்சா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்காமல் விட்டதுக்கு என் வீட்டில் என்ன நடந்துச்சு என்று சொல்கிறேன்.

என் பொண்ணு இப்போ எட்டாவது படிக்கிறாள். போன வருஷம் ஏழாவது. இங்கிலீஷில் நூற்றுக்கு எழுபத்தெட்டு வாங்கினாள். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் டிக்கு. அதைப் பார்த்து எனக்குப் பெருமை. குழுவில் கடன் வாங்கி டியூஷனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கம்பெனி ஆட்களை ஏத்தி இறக்குகிற வேன் ஓட்டுகிறார். ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் நாலா மடிச்ச ஒரு காகிதம் இருந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். பொண்ணைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டிரைவர்" என்று ஒரு வார்த்தை படித்தாள். "லைசென்ஸ்" என்றாள். அப்புறம் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, "இது எங்க பாடத்துல இல்லம்மா" என்றாள்.

அப்போ எனக்கு அது உறைக்கவே இல்லை. சரி, ஏதோ பொதுவா போட்டிருப்பாங்க என்று அலமாரியில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரரும் மறந்துவிட்டார். பத்து நாள் கழிச்சு அவரை டியூட்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரித்தால், அந்தக் காகிதத்தில் விஷயம் நாலே வரிதான். வண்டி ஓட்டுகிற எல்லாரும் இந்தத் தேதிக்குள் லைசென்ஸ் நகலும் கண் பரிசோதனைச் சான்றும் கொடுக்க வேண்டும், கொடுக்காதவங்களுக்கு டியூட்டி கிடையாது என்று இருந்திருக்கிறது. எல்லாம் வாங்கிக் கொடுத்து மறுபடியும் வண்டி எடுப்பதற்குள் ஒரு வாரச் சம்பளம் போச்சு. அந்த மாசம் குழுத் தவணையை நான் ரெண்டு நாள் தாமதமாகக் கட்டினேன். ஏன் என்று அன்னைக்குச் சொல்லவில்லை. இன்னைக்குச் சொல்கிறேன்.

கோபத்தில் பொண்ணை ஒரு அடி வைத்தேன். "எழுபத்தெட்டு மார்க்கு வாங்கி என்ன பிரயோஜனம்" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே நோட்டை எடுத்துக் காட்டினாள். "எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்" என்றாள். அவள் எழுதிய ஒரு பதிலைக் காட்டி, இதுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதியது. வீட்டில் மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதியது. கேள்வி மாறாமல் அப்படியே வந்தால் மார்க்கு வரும். வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் படிக்கத் தெரியாது.

அடித்தது தப்பு என்று அன்னைக்கு ராத்திரியே தெரிந்துபோச்சு. ஏனென்றால் நானும் அப்படித்தான் பத்தாவது பாஸ் பண்ணினேன். எங்க காலத்தில் லெட்டர் ஒன்று கட்டாயம் கேட்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுதுகிற லெட்டரை நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். பரீட்சையில் குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? தெருவிளக்கு லெட்டரையே எழுதி வைத்துவிட்டு வந்தேன். "வாட்டர்" என்று ஒரு இடத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டேன். நீங்க சிரிக்கிறீங்க. ஆனா இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர் இப்படித்தான் பாஸ் பண்ணியிருப்போம். அதனால்தான் நம்ம பிள்ளைங்க பார்த்து எழுதும்போது நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடமே கேட்டேன். "மிஸ், ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ்ல என்னதான் தெரிஞ்சிருக்கணும்?" அவங்க கோபப்படாமல் உட்காரவைத்துச் சொன்னாங்க. அதை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

படிப்பது என்றால் மூன்று விஷயம். ஒன்று, எழுத்தைக் கூட்டாமல், வார்த்தை வார்த்தையாக நிறுத்தாமல், புள்ளி இருக்கிற இடத்தில் நிறுத்திச் சத்தமாகப் படிக்க வேண்டும். ரெண்டாவது, படித்தது என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். யார், எங்கே, என்ன பண்ணினாங்க, ஏன் என்று கேட்டால் பதில் வர வேண்டும். மூன்றாவது, புத்தகத்தில் இல்லாததைப் படிக்க வேண்டும். ஒரு நோட்டீஸ், ஒரு விளம்பரம், பஸ் நேரம், மருந்து அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதி, இதெல்லாம். நடுவில் தெரியாத வார்த்தை ஒன்று வந்தாலும், முன்னே பின்னே படித்து, இப்படித்தான் இருக்கும் என்று யூகிக்கத் தெரிய வேண்டும். யூகம் சரியா என்று அகராதியில் பார்க்கத் தெரிய வேண்டும்.

எழுதுவது என்றால், ஆறாவதில் தன்னைப் பற்றியும் தன் வீடு, ஊர் பற்றியும் சொந்தமாகச் சின்னச் சின்ன வாக்கியம் எழுத வேண்டும். பேருக்கு முதல் எழுத்து பெரிய எழுத்து, வாக்கியம் முடிந்தால் புள்ளி, கேள்வி என்றால் கேள்விக்குறி, இதெல்லாம் தப்பாமல் போட வேண்டும். அப்புறம் அந்த வாக்கியங்களைக் கோர்த்து ஒரு பத்தி. எட்டாவது முடிக்கும்போது லீவு லெட்டர், தோழிக்குக் கடிதம், அதிகாரிக்கு விண்ணப்பம், டைரி, ஒரு அறிவிப்பு, குறிப்பு கொடுத்தால் கதை, படத்தைப் பார்த்து அஞ்சாறு வரி, இவ்வளவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுத வேண்டும்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னாங்க. முதலில் ஒரு தடவை எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, மறுபடி எழுதுவதும் படிப்பில் ஒரு பகுதிதானாம். அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். நான் அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டைப் பார்த்துத்தானே இத்தனை நாள் சந்தோஷப்பட்டேன்! பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு எதுக்கு அடித்தல் வரப்போகிறது?

சரி, பிள்ளைங்க ஏன் இப்படித் தடுமாறுகிறாங்க? அதுக்கும் காரணம் இருக்கு. பிள்ளை மந்தம் என்றோ, டீச்சர் சரியில்லை என்றோ உடனே சொல்லிவிடக் கூடாது.

முதல் காரணம் கொரோனா. 2025-26இல் எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினபோது ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தது. ஒன்றாவது முதல் எட்டாவது வரைக்கும் மறுபடி பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போ அது நாலாவது. மூன்றாவது வகுப்பு முழுசும் வகுப்பறையைப் பார்க்கவே இல்லை. எழுத்தைச் சேர்த்துப் படிக்கப் பழகுகிற வயசு அதுதான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு. சாயங்காலத்தில் நம்ம தெருவிலேயே தன்னார்வலர் வைத்துச் சொல்லிக்கொடுத்தாங்க. நானும் சேரலாம் என்று போனேன். பன்னிரண்டாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று என் வீட்டுத் திண்ணையையாவது கொடுத்தேன்.

ரெண்டாவது காரணம், எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அது நல்லதுதான். ஃபெயில் ஆக்கினால் பொம்பளைப் பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துவோம். ஆனா பாஸ் என்று போட்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாம நினைத்துக்கொள்கிறோம். உண்மை வெளியே வருவது ஒன்பதாவதிலும் பத்தாவதிலும்தான். அப்போ அடிப்படையிலிருந்து ஆரம்பிக்க நேரம் இருக்காது.

மூன்றாவது காரணம் அந்த மொழியே. நம்ம தமிழில் 247 எழுத்து. ஆனா ஒருதடவை கற்றுக்கொண்டால் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். இங்கிலீஷில் 26 எழுத்துதான், சத்தமோ நாற்பதுக்கு மேல். ஒரே "சி" எழுத்து "கேட்" என்கிற பூனையில் ஒரு மாதிரி, "சிட்டி" என்கிற நகரத்தில் ஒரு மாதிரி. "நைஃப்" என்கிற கத்திக்கு முன்னாடி ஒரு "கே" எழுத்து சும்மா நிற்கும், சத்தமே கிடையாது. வாக்கியமும் அப்படித்தான். நாம "நான் சோறு சாப்பிட்டேன்" என்போம். வேலையைச் சொல்கிற வார்த்தை நமக்குக் கடைசியில் வரும். அவங்களுக்கு நடுவில் வரும். "நான் சாப்பிட்டேன் சோறு" என்கிற வரிசை. பிள்ளை தமிழில் யோசித்து அதே வரிசையில் இங்கிலீஷ் வார்த்தையைப் போடுகிறது. அது முட்டாள்தனம் இல்லை, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகிற வழியில் வருகிற தப்பு. இதை டீச்சர் சொன்னபோதுதான், அடித்ததுக்கு எனக்கு இன்னும் வருத்தமாகிவிட்டது.

அப்புறம் நாங்க என்ன பண்ணினோம்? டியூஷனை நிறுத்தினோம். அங்கேயும் கைடைப் பார்த்துத்தான் எழுத வைத்தார்கள். டீச்சர் சொன்னபடி, ஏழாவது புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆறாவது புத்தகத்தை எடுத்தோம். ஆறாவது முதல் பருவத்தில் முதல் பாடமே கடல் ஆமைகளைப் பற்றியது. அதை ஒருநாளைக்கு நாலு வரி மட்டும் படிக்க வைத்தேன். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இப்போ தமிழ்ல சொல்லு" என்பேன். முதல் நாள் ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் அதே நாலு வரி. மூன்றாவது நாள் சொன்னாள்.

அவள் சத்தமாகப் படிப்பதை என் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவங்க பிறந்த வீடு கோவளம். "என்னடி அது, ஆமையா? நம்ம பங்குனி ஆமைதானே அது! ராத்திரியில கரையேறி, குழி தோண்டி, முட்டை போட்டுட்டுப் போகும். முட்டை போடும்போது கண்ணுல தண்ணியா ஊத்தும். பெத்தவளுக்கு வலி இருக்காதா" என்றார்கள். என் பொண்ணு கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். புத்தகத்தில் இருக்கிற ஆமை நம்ம பாட்டி பார்த்த ஆமை என்று தெரிந்ததும் அவளே மேலே மேலே படிக்க ஆரம்பித்தாள்.

அன்னைக்குச் சாயங்காலம் அவளாக ரெண்டு வரி எழுதினாள். "மை கிராண்ட்மதர் சீ டர்ட்டில் இன் கோவளம். டர்ட்டில் க்ரை." மறுநாள் டீச்சரிடம் காட்டினாள். அதில் தப்பு இருக்கு. நேத்து பார்த்தால் "சா" என்று வர வேண்டுமாம். டீச்சர் அதைத் திருத்தினாங்க. ஆமை அழுவதில்லை, உடம்பில் சேர்ந்த கடல் உப்பைக் கண் பக்கமா வெளியே தள்ளுகிறது என்றும் சொல்லிக்கொடுத்தாங்க. என் மாமியார் அதை இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேற விஷயம். ஆனா அந்த ரெண்டு வரிதான் என் பொண்ணு வாழ்க்கையில் யாரையும் பார்க்காமல் எழுதிய முதல் இங்கிலீஷ். எழுபத்தெட்டு மார்க்கு நோட்டைவிட அந்தத் தப்பு வரி எனக்குப் பெருசா தெரிஞ்சுது.

இப்போ நீங்களும் வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி நாலு சோதனை சொல்கிறேன். எதுக்கும் நமக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம்.

ஒன்று, எங்கே நிற்கிறாள் பிள்ளை என்று பார்ப்பது. பிரதம் என்கிற தொண்டு நிறுவனம் 2005லிருந்து "அசர்" என்று ஒரு ஆய்வு நடத்துகிறது. நாடு முழுக்கக் கிராமத்து வீடுகளுக்கே வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இங்கிலீஷுக்கு அவங்க வைத்திருப்பது ஒரே தாள். அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சின்ன வார்த்தை, எளிய வாக்கியம் என்று நாலு படி. எந்தப் படி வரைக்கும் பிள்ளை தடுமாறாமல் வருதோ அதுதான் அதன் இடம். இதை நாமும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிச் செய்யலாம். ஆறாவது வந்த பிள்ளை நாலாவது படியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் இப்பவே தெரிந்துகொள்வது நல்லது.

ரெண்டு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்வது. பாடப் புத்தகத்தில் நாலு வரி. படித்து முடித்ததும் மூடச் சொல்லுங்க. தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்க. சரளமாகப் படிக்கிற பிள்ளைகூட இதில் மாட்டும். சத்தம் வருது, அர்த்தம் வரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்று, பாடத்தில் இல்லாததைக் கொடுப்பது. பிஸ்கட் பாக்கெட், மாத்திரை அட்டை, கரண்ட் பில், பேங்க்கிலிருந்து வந்த காகிதம், எதுவானாலும் சரி. "இதுல எந்தத் தேதி போட்டிருக்கு, எவ்வளவு பணம், என்ன செய்யச் சொல்றாங்க" என்று மூன்றே கேள்வி. "எங்க பாடத்துல இல்லம்மா" என்று சொன்னால் அன்னைக்கே உஷாராகிவிடுங்க. நான் ஆகவில்லை.

நாலு, வாரத்துக்கு அஞ்சு வரி சொந்தமாக எழுத வைப்பது. ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணினோம், யார் வந்தாங்க, என்ன சமைத்தோம். இதுக்குக் கைடு கிடையாது. பார்த்து எழுத முடியாது. தப்பு வரும், வரட்டும். திருத்துவது நம்ம வேலை இல்லை, டீச்சர் வேலை. எழுத வைப்பது நம்ம வேலை. ஒவ்வொரு வாரமும் தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்க. மூன்று மாசம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நாம சேமிப்புப் பாஸ் புத்தகம் பார்க்கிற மாதிரிதான்.

"இப்பத்தான் போனே படம் எடுத்தா தமிழ்ல சொல்லிடுதே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். உண்மைதான். அந்தக் காகிதத்தை நான் போனில் காட்டியிருந்தால் ஒரு வாரச் சம்பளம் தப்பியிருக்கும். ஆனா வேலைக்குப் போய் உட்கார்ந்து, "உன்னைப் பத்தி ஒரு பத்தி எழுது" என்று பேப்பரைக் கையில் கொடுத்தால் போன் கூட வராது. போன் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கவாவது கொஞ்சம் படிக்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம், தமிழை விட்டுவிடாதீங்க. தமிழில் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்குத்தான் இங்கிலீஷிலும் அது கைகூடும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னக் கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. பிள்ளையின் நிலைக்குத் தகுந்த புத்தகம். அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்க. சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்க. நமக்கும் கதை கிடைக்கும்.

2025-26 கல்வியாண்டில் "திறன்" என்று ஒரு திட்டம் வந்தது. ஆறாம் வகுப்புக்கு மேலே வந்தும் தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூன்றிலும் அடிப்படை வராத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தன் பிள்ளை பேர் வந்ததுக்காக ஒரு அக்கா சண்டைக்குப் போயிட்டாங்க. "என் பிள்ளையை மட்டம் தட்டுறாங்க" என்று அழுதாங்க. அக்கா, பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா சொன்னால் சண்டை போடுவோமா? மாத்திரை வாங்கிக் கொடுப்போம். முருங்கைக்கீரை செய்து போடுவோம். இதுவும் அப்படித்தான். என் பொண்ணு பேரும் அதில் இருந்துச்சு. இங்கே எல்லார் முன்னாடியும் சொல்கிறேன், எனக்கு வெட்கம் இல்லை. மறைத்து வைத்திருந்தால்தான் வெட்கப்பட வேண்டும்.

நம்ம கையில் இன்னொரு வழியும் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது அது. நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கு. நம்ம மாநிலத்தில் சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வருகிறோம். கழிவறை வேண்டும், காம்பவுண்டு சுவர் வேண்டும் என்று கேட்கிறோம். அதுவும் வேண்டும்தான். அதோடு இனிமேல் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்போம். "நம்ம எட்டாவது பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குப் பாடத்துல இல்லாத ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரியும்? தெரியாதவங்களுக்கு நாம என்ன உதவி செய்யணும்?" டீச்சரைக் குத்தம் சொல்ல இல்லை. டீச்சர் தனியாக இதைச் சுமக்க முடியாது என்பதால்தான்.

கடைசியாக நம்ம ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கல்யாணமாகி வந்தபோது இருந்த சிறுசேரியா இது? சிப்காட் ஐ.டி. பூங்கா வந்து, எவ்வளவு உசரத்துக்குக் கட்டடம்! எங்கிருந்தெல்லாமோ பிள்ளைங்க வேலைக்கு வருகிறார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ ரயிலுக்கு வேலை நடக்கிறது. அந்தக் கேட்டுக்குள்ளே நம்ம ஊர் ஆளும் போகிறோம். நான் குறைத்துச் சொல்லவில்லை. கூட்டிப் பெருக்குவதும், காவல் நிற்பதும், வண்டி ஓட்டுவதும் உழைத்துச் சாப்பிடுகிற வேலைதான். என் வீட்டுச் சோறே அதில்தான் வருது. ஆனா நம்ம வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கட்டடத்தில், கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருகிற நாற்காலி ஒன்று நம்ம பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? அதுக்கு இங்கிலீஷ் மட்டும் போதாதுதான். ஆனா ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், தன் மனசில் இருப்பதை அஞ்சு வரி எழுதவும் தெரியாமல் அங்கே போக முடியாது. பத்தாவதுக்கு அப்புறம் அதைச் சரிபண்ணுவது கஷ்டம். ஆறாவது, ஏழாவது, எட்டாவதில் சரிபண்ணலாம்.

நம்ம அம்மாமார் காலத்தில் அறிவொளி இயக்கம் வந்து, கைநாட்டு வைத்தவங்க கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாங்க. அது சாதாரண விஷயமா? அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து வயசான காலத்தில் கற்றுக்கொண்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்டதால்தான் நாம பேங்க்கில் போய்த் தைரியமாக நிற்கிறோம். நம்ம முறைக்கு நாம செய்ய வேண்டியது இது.

அதனால் நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். படிப்புக்கு என்று உள்கடன் கொடுத்தால், தவணை கேட்கிற மாதிரியே, மூன்று மாசத்துக்கு ஒருதடவை பிள்ளையின் அந்த அஞ்சு வரி நோட்டையும் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வோம். மார்க்குப் போட இல்லை, யாரையும் அவமானப்படுத்த இல்லை. மாட்டைப் போய்ப் பார்க்கிற மாதிரி பார்ப்போம். எந்தப் பிள்ளை தடுமாறுதோ அதுக்கு யார் உதவ முடியும் என்று பேசுவோம். நம்ம குழுக்களில் காலேஜ் படித்த மருமகள்கள் இருக்கிறாங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவங்களால் கொடுக்க முடியும். திண்ணைக்கு நான் பொறுப்பு.

போன மாசம் என் வீட்டுக்காரருக்கு மறுபடி ஒரு காகிதம் வந்துச்சு. நான் சொல்லாமலே என் பொண்ணு வாங்கிப் படித்தாள். ரெண்டு வார்த்தை தெரியவில்லை, அகராதியில் பார்த்தாள். "பொங்கலுக்கு மூணு நாள் வண்டி கிடையாதாம்பா, அதுக்கு முந்தின நாள் ரெண்டு டிரிப் ஜாஸ்தியாம்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அவர் சரி என்று சொல்லிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான்தான் அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் பார்த்துட்டு, "உனக்கும் உப்பு தண்ணியா வெளியே வருதா" என்று கேட்டார்கள்.